"ஃபுல் டிசி சார்" என்று சொல்லி விற்ற இன்டர்ஃபேஸ்: 26,500 ரூபாய் போச்சு

மாடுலர் சிந்தசைசரை (தனித்தனி மாடுல்களை வயரால் இணைத்து ஒலி உண்டாக்கும் கருவி) கம்ப்யூட்டரிலிருந்து ஓட்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் (கம்ப்யூட்டரின் ஒலியை வெளியே தரும் பெட்டி) தேடுகிறவர்கள், பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள். பழைய சாமான் விற்கும் ஒரு செயலியில், இசைக்கருவிக் கடை என்று போட்டிருந்த ஒருவரிடம் 26,500 ரூபாய் ஏமாந்தாயிற்று. பெட்டி வந்து இரண்டு நாள்தான் ஆகிறது.

கேட்டது ஒரே கேள்வி: "லைன் அவுட்புட் டிசி கப்பிள்டா?" அதாவது, அசையாமல் நிற்கும் வோல்டேஜும் (டிசி) வெளியே வருமா? மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டருக்குச் சுருதி சொல்வது வோல்டேஜ்: ஆக்டேவுக்கு 1 வோல்ட், அரைச்சுரத்துக்கு 83.3 மில்லிவோல்ட். சுரம் ஒலிக்கிறவரை அது அசையாமல் நிற்க வேண்டும். பாட்டுக்காக மட்டும் செய்த இன்டர்ஃபேஸ்களில் வெளியே போகும் வழியில் பெரும்பாலும் கெபாசிட்டர் இருக்கும். நிலையான வோல்டேஜை அது விடாது.

"ஆமா சார், ஃபுல் டிசி" என்று பதில் வந்தது. கூடவே ஒரு வீடியோ. நம்ப வைத்ததே அந்த வீடியோதான். லேப்டாப்பில் எல்எஃப்ஓ (மெதுவாக ஏறி இறங்கும் அலை) ஓடுகிறது, ஆசிலேட்டரின் சுருதி அழகாக ஆடுகிறது. உடனே பணம் போனது. ஆனால் அந்த ஆட்டம் நொடிக்கு ஐந்தாறு தடவை. 5 ஹெர்ட்ஸ் அலை கெபாசிட்டரைத் தாராளமாகத் தாண்டிவிடும். ஒரே சுரத்தைப் பத்து நொடி பிடித்துக் காட்டியிருந்தால் அங்கேயே சாயம் வெளுத்திருக்கும்.

வந்ததும் சோதித்தது இப்படி: விசிவி ராக் என்ற மாடுலர் சிந்தசைசர் மென்பொருளில் நிலையான 5 வோல்ட் வைத்து ஆடியோ மாடுலுக்கு அனுப்பினால், அது முழு அளவில் பாதி. இந்தப் பெட்டியில் அதற்கு 2 வோல்ட் வந்தது. யூரோராக் (மாடுலர் சிந்தசைசரில் ஒரு வகை) ஆசிலேட்டரில் செருகிய நிலையிலேயே மல்டிமீட்டரை வைத்தால், ஒரு நொடியில் 0.7, மூன்று நொடியில் 0.1, அப்புறம் சுழி. இரண்டு ஆக்டேவ் மேலே போன சுரம் வழுக்கி அடிக்கே வந்துவிடுகிறது. மூடியைத் திறந்தால் ஒவ்வொரு அவுட்புட்டிலும் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். மாடுலின் 100 கிலோஓம் உள்ளீட்டோடு பெருக்கினால் சரியாக 1 நொடி, வோல்டேஜ் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்க ஆகும் நேரம். கேட் (சுரத்தைத் தொடங்கி நிறுத்தும் வோல்டேஜ்) அனுப்பினாலும் இதே கதை: தொடக்கத்தில் ஒரு முள், முடிவில் தலைகீழாக ஒரு முள், நடுவில் என்வலப் (ஒலி ஏறி இறங்கும் வடிவம்) நிற்பதில்லை.

போன் போட்டால் முதலில் "டிரைவரை மறுபடி போடுங்க சார்". அடுத்து "கேபிள் சரியில்ல". அளவுகளைப் படமெடுத்து அனுப்பியதும் வந்த பதில்தான் வயிற்றெரிச்சல்: "டிசின்னா 12 வோல்ட் டிசி அடாப்டர் சார், அதைத்தான் சொன்னோம்." 26,500 ரூபாய்க்கு அடாப்டர் சாக்கெட்டையா கேட்பார்கள்? கடைசியில் "மூடியைத் திறந்துட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது. கெபாசிட்டரை ஷார்ட் பண்ணிக்கோங்க." இது ஆபத்தான யோசனை. இந்தப் பெட்டியில் ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சிப்புக்கு ஒற்றை 5 வோல்ட் சப்ளைதான், அதன் வெளியீடு சிக்னல் இல்லாதபோதும் 2.5 வோல்ட்டில் நிற்கிறது. கெபாசிட்டரை ஷார்ட் செய்தால் அந்த 2.5 வோல்ட் அப்படியே வெளியே கொட்டும். செயலிக்காரர்களோ "விற்பவரிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று முடித்துவிட்டார்கள்.

விரிவாக எழுதப் பொறுமையில்லை, இவற்றையாவது செய்யுங்கள். எல்எஃப்ஓ வீடியோவை நம்பாதீர்கள். மல்டிமீட்டர் முள்ளோ எண்ணோ பத்து நொடி அசையாமல் நிற்கும் வீடியோ கேளுங்கள். லைன் அவுட்டா ஹெட்போன் அவுட்டா என்று தனித்தனியே கேளுங்கள், சில பெட்டிகளில் ஒன்றுதான் டிசி விடும். காசு சேர்த்தாவது இஎஸ்-8 மாதிரி இதற்கென்றே செய்த மாடுலை வாங்குங்கள், அது 10 வோல்ட் வரை இரு பக்கமும் தரும். பேலன்ஸ்டு அவுட்டில் (ஒரே சிக்னலை நேராகவும் தலைகீழாகவும் இரு கம்பியில் அனுப்பும் அவுட்) மோனோ கேபிள் செருகாதீர்கள், ரிங் (பிளக்கின் நடு வளையம்) இணைக்காத கேபிள் வேண்டும். வோல்டேஜ் போகும் சேனலில் ஸ்பீக்கர் இருந்தால் முதலில் கழற்றுங்கள், காயில் கருகிவிடலாம்.