டிராக்டர் லோடருக்கு நாங்களே செய்த லெவல் கம்பி: நாள்பட ஓட்டிய அனுபவம்

மணலி பக்கம் எங்கள் யார்டில் ஜல்லி, எம்-சாண்ட் வாருவதற்கு முன்பக்க லோடர் மாட்டிய டிராக்டர்தான் ஓடுகிறது. சீட்டில் உட்கார்ந்தால் பானெட் மறைக்கும், பக்கெட்டின் மேல் விளிம்பு மட்டும் கண்ணில் படும், அடித்தகடு எப்படி நிற்கிறது என்பது குத்துமதிப்புதான். மூக்கு இறங்கினால் ஜல்லியோடு தரை மண்ணும் சேர்ந்து வரும் (மண் கலந்த ஜல்லியை எந்த மேஸ்திரி வாங்குவார்?), மூக்கு தூக்கினால் ஒரு அடுக்கு அப்படியே தரையில் கிடக்கும்.

பக்கெட்டின் சாய்வைக் காட்டும் இண்டிகேட்டர் கம்பெனியிலிருந்தே மாட்டி வரும் லோடர்கள் உண்டு, எங்களுடையதில் இல்லை. பட்டறையில் செய்துகொண்டோம். லோடர் கையில் ஓர் அரை இஞ்ச் ஜிஐ பைப், அதற்குள் தாராளமாக ஓடும் 12 எம்எம் கம்பி, கம்பியின் கீழ்முனை பக்கெட்டின் முதுகில், பக்கெட் சுழலும் பின்னுக்கு (pin, அச்சாணி) மேலே ஒரு துண்டு பிளேட்டில். பக்கெட்டை மடக்கினால் கம்பி டிரைவர் பக்கம் வெளியே வரும், கவிழ்த்தால் உள்ளே போகும், அவ்வளவுதான் விஷயம். பைப்பை மட்டும் இறுக்கமாகப் பிடிக்கக் கூடாது. பக்கெட் சுழல்வதால் கம்பியின் முனை வட்டமாகத்தான் நகரும், பைப்பும் ஒரே போல்ட்டில் ஆடிக்கொடுத்தால்தான் கம்பி வளையாமல் இருக்கும்.

குறி போட ரசமட்டம் வேண்டாம். காங்கிரீட் தளத்தில் அடித்தகடு முழுக்கப் படியும்படி இறக்கி, பைப் வாய்க்கு நேராகக் கம்பியில் கோடு போட்டால் சரி. டிராக்டர் நிற்கிற தரையோடுதான் பக்கெட் ஒட்ட வேண்டும், அந்தத் தரை சரிவாக இருந்தால் பக்கெட்டும் அப்படியே சரியட்டும். சாய்வு சென்சார் வைத்து டிஸ்ப்ளே போடலாம் என்று ஒருவர் சொன்னதை நான் தட்டிக் கழித்ததற்கும் இதுதான் காரணம், அதுவும் ரசமட்டம் போலத்தான் காட்டும், தரையின் சரிவைப் பார்க்காது.

பின்னிலிருந்து கம்பி மாட்டிய இடம் 25 செ.மீ. என்றால் ஒரு டிகிரிக்குக் கம்பி 4 எம்எம் சொச்சம் நகரும். வெட்டு விளிம்பு பின்னிலிருந்து 75 செ.மீ. தள்ளி இருந்தால் அதே ஒரு டிகிரிக்கு அங்கே 13 எம்எம் இறங்கிவிடும். அதனால் கோடு தடிமனாக இருந்தால் பிரயோஜனம் இல்லை. பெயின்ட் உரசி உரசிப் போய்விட்டதால் இப்போது ஆக்சா பிளேடால் வெட்டுப் போட்டு அதில் ஆரஞ்சு பெயின்ட் அடித்திருக்கிறோம்.

ஆனால் இது தரையில் மட்டும்தான் பேசும். "அண்ணா, மேல தூக்கினா கோடு சரியாதான் நிக்குது, பக்கெட் வானத்தைப் பாக்குதே" என்றார் டிரைவர். உண்மைதான். கம்பி காட்டுவது லோடர் கைக்கும் பக்கெட்டுக்கும் உள்ள கோணம். எங்கள் லோடர் போல் தானாக லெவல் பிடிக்கும் லிங்க் இல்லாததில், கை 30 டிகிரி உயர்ந்தால் பக்கெட்டும் 30 டிகிரி பின்னால் சாயும், நிரம்ப வாரியிருந்தால் ஜல்லி பானெட்டில் வந்து விழும். தூக்கும்போது லீவரில் கை இருந்தே ஆக வேண்டும்.

எண்ணூர் உப்புக் காற்றுக்குச் சாதா இரும்புக் கம்பி தாங்கவில்லை, துருப்பிடித்துப் பைப்புக்குள் சிக்கியது. எஸ்எஸ் கம்பி மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. கிரீஸ் போடாதீர்கள், எம்-சாண்ட் தூசி ஒட்டி உப்புத்தாள் மாதிரி அறுக்கும். பைப்பின் கீழ்வாயை அடைக்கவும் வேண்டாம், ஐப்பசி மழைத் தண்ணீர் வடிய வழி வேண்டும். டயர் மாற்றினால் கையின் கோணம் கொஞ்சம் மாறும், குறியை மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

லோடர் கையில் நாங்கள் வெல்டிங் வைக்கவில்லை, யு-கிளாம்ப்தான். பக்கெட் பிளேட்டுக்கு மட்டும் வெல்டிங். அப்போது பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பைப் பக்கெட்டிலேயே மாட்டச் சொல்லுங்கள். டிராக்டர் சேஸில் மாட்டினால் கரண்ட் பின், புஷ், சிலிண்டர் வழியாகப் போய் அதையெல்லாம் பொசுக்கிவிடும்.