ரத்தம் எடுப்பதோடு நிற்காத லேப்

2021 மே மாதம் அப்பாவுக்கு கொரோனா வந்தபோதுதான் இந்த லேப்பை முதலில் கூப்பிட்டோம், இன்று வரை வேறு இடத்துக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்த பெண் கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டே, "அப்பா, கையை மடக்காதீங்க, ஒரு நிமிஷம்தான்" என்று பேசிப் பேசியே ரத்தம் எடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம், ஆனாலும் ஒரே குத்துதான்.

நான் எழுத வந்தது ரிப்போர்ட்டைப் பற்றி. நான்காம் நாள் மொத்த வெள்ளை அணுக்கள் 5,200, அதில் வைரஸை எதிர்க்கும் வகையான லிம்போசைட் 22 சதவீதம். எட்டாம் நாள் மொத்தம் 9,800. இரண்டுமே நார்மல் எல்லைக்குள்தான் இருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன். அன்று இரவே லேப் டாக்டர் போன் செய்து, "மொத்தத்தை விடுங்க சார், லிம்போசைட் 7 சதவீதத்துக்கு வந்திருக்கு, கணக்குப் போட்டா 686தான், பெரியவங்களுக்கு ஆயிரத்துக்கு மேல இருக்கணும், உடனே உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். இன்னொரு வகை வெள்ளை அணுவான நியூட்ரோபில் 88 சதவீதத்துக்கு ஏறியிருந்ததால்தான் மொத்தம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. மறுநாள் காலை ஆக்சிஜன் 92க்கு இறங்கியது, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அந்த டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். கொரோனா முற்றும்போது ரத்தத்தில் லிம்போசைட்டில் ஒரு வகையான டி செல்கள் குறைகின்றன, அதிலும் வைரஸ் புகுந்த செல்லைத் தேடிக் கொல்லும் சிடி8 வகை நன்றாகவே குறைகிறது. ஒரு பகுதி நுரையீரலுக்குப் போய்விடுகிறது, ஒரு பகுதி அழற்சி மிகுதியில் செத்துவிடுகிறது, மிஞ்சியவற்றிலும் களைத்துப்போன அறிகுறிகள் தெரிகின்றன. இன்னொரு பக்கம் எலும்பு மஜ்ஜை அவசரத்தில் முதிராத நியூட்ரோபில்களையும் வெளியே அனுப்புகிறது. அவர் ரத்தத்தை ஸ்லைடில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அதையும் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதியிருந்தார். இதற்கு முன் நாங்கள் போன இன்னொரு லேப்பில் மெஷின் தந்த மூன்று சதவீதங்களை அச்சடித்துக் கொடுத்ததோடு சரி. இங்கே ஐந்து வகை வெள்ளை அணுக்களும் தனித்தனியாக, சதவீதத்தோடு எண்ணிக்கையும் சேர்த்து வருகிறது. அந்த எண்ணிக்கைதான் முக்கியம், இதை இன்னும் எத்தனை பேருக்குச் சொல்வது என்று தெரியவில்லை.

அப்புறம் இன்னொன்று. ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு 6 மில்லிகிராம் தினமும் கொடுத்தார்கள். ஸ்டீராய்டு போட்டாலே ரத்தத்தில் நியூட்ரோபில் கூடும், லிம்போசைட் குறையும், அதனால் வீட்டுக்கு வந்த பிறகு எடுத்த டெஸ்ட்டுக்கு முன்னால் "கடைசி மாத்திரை எப்போ போட்டீங்க" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். இப்படிக் கேட்ட லேப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. லிம்போசைட் 1,800க்கு ஏற அப்பாவுக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆனது.

குறையும் உண்டு. ரிப்போர்ட் நான்கு மணி நேரத்தில் என்பார்கள், இரவு ஒன்பதுக்குத்தான் வாட்ஸ்அப்பில் வரும். ஒரு முறை, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து வைத்த ஊதா மூடி குழாயில் ரத்தம் உறைந்துபோய் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது, அவர்களே சொல்லி, பணம் வாங்காமல் வந்து எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வர மாட்டார்கள், போனும் எடுப்பதில்லை, அவசரம் என்றால் சனிக்கிழமை மாலைக்குள் சொல்லிவிடுங்கள்.