கூலன்ட் கசிவைப் பிடிக்க எது மேல்: கை பம்பா, கம்ப்ரசரா, நீலத் திரவமா?

சேலத்திலிருந்து சுமையோடு தொப்பூர் கணவாய் ஏறி வரும் வண்டியில், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைகிறது. தர்மபுரிக்கு வந்ததும் பட்டறையில் நிறுத்தி ஐட்லிங்கில் ஓடவிட்டால் ஒரு சொட்டும் விழாது. ஏற்றத்தில் ஏறிய அழுத்தம் நின்ற இடத்தில் ஏறாது. இன்ஜின் சூடில்லாமலே அந்த அழுத்தத்தைக் கொண்டுவரத்தான், ரேடியேட்டர் மூடியைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டும், அழுத்தம் காட்டும் முள் வைத்த கை பம்ப்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தாலும் ஆற ஆற முள் தானாக இறங்கும். இல்லாத கசிவைத் தேடி அலைவோம். ரேடியேட்டர் கழுத்து வரை கூலன்ட் நிரப்புங்கள். மேலே காற்று நிறைய இருந்தால் சின்னக் கசிவுக்கு முள் அசைய வெகுநேரம் ஆகும். மூடியில் 0.9 அல்லது 1.1 என்று பார் கணக்கில் பொறித்திருக்கும்; அதாவது 13 அல்லது 16 பி.எஸ்.ஐ. அதுவரை மட்டும் அடித்து, 15 நிமிடம் விடுங்கள்.

முள் இறங்கினால் டார்ச் எடுத்துக்கொண்டு கீழே படுங்கள். வாட்டர் பம்பின் அடியில் பென்சில் முனை அளவுக்கு ஒரு துளை உண்டு. அதன் விளிம்பில் சொட்டு மெல்லத் திரண்டு தொங்கினால் உள்ளே சீல் போய்விட்டது. அடுத்து ஹோஸ் கிளாம்ப், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் மடிப்பு, கடைசியாக டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் ஹீட்டர். நம் பக்கம் பலர் போர் தண்ணீரையே ஊற்றுவதால் கசியும் இடத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும், அதுவே அடையாளம். அதே உப்புதான் சில நேரம் ஓட்டையை அடைத்து ஏமாற்றவும் செய்யும்.

டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை வண்டியில் இருக்கும் ரேடியேட்டரில் மாட்டவே கூடாது. அதில் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்கும். கை தவறினால் பிளாஸ்டிக் தொட்டி பிளந்துவிடும். ரேடியேட்டரைக் கழற்றி, வாய்களை அடைத்து, ரெகுலேட்டரில் 1 பார் வைத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கும்போது மட்டும் கம்ப்ரசருக்கு ஈடில்லை. ஊசி முனை ஓட்டைகூடக் குமிழியாகக் காட்டிக்கொடுக்கும்.

முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால், இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம். அங்கே கை பம்ப் பாதி வழிதான் வரும். கழுத்தில் குழாயை வைத்து, ஓடும் இன்ஜினிலிருந்து வரும் ஆவியை, அதில் ஊற்றிய, எரிந்த புகை பட்டால் நிறம் மாறும் நீலத் திரவத்தின் வழியாக இழுக்க வேண்டும். திரவம் மஞ்சளானால் எரிந்த புகை கூலன்ட்டில் கலக்கிறது. குழாய்க்குள் கூலன்ட்டே ஏறிவிட்டால் சோதனை கெட்டது. மட்டத்தைக் கொஞ்சம் குறைத்து, புதுத் திரவம் ஊற்றித் திரும்பச் செய்யுங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கை பம்ப்தான். மூடியைச் சோதிக்கும் அடாப்டரோடு சேர்த்து வாங்குங்கள். எங்கும் கசிவில்லை, கேஸ்கெட்டும் நன்றாக இருக்கிறது, தண்ணீர் மட்டும் ரிசர்வ் பாட்டிலில் பொங்கி வழிகிறது என்றால் பெரும்பாலும் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். 1.1 பொறித்த மூடி 0.6-லேயே திறந்துவிடுவதைக் கேஜில் கண்ணால் பார்க்கலாம்.