புல்லிக்கு முன்னால் கூலர்: மண்டபம் வெயிலில் ஆடி எஸ்5 ஸ்டேஜ் 2 கிட்

எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற சூப்பர்சார்ஜர் உள்ள வண்டிக்குப் பவரைக் கூட்டும் ஸ்டேஜ் 2 கிட் மாட்டலாம் என்று இருக்கிறவர் நம் கடற்கரைக்காரர் என்றால், முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிட் நல்ல சரக்குதான். ஆனால் விளம்பரத்தில் பெரிதாகப் படம் போட்டிருக்கிற புல்லியை, அதாவது பெல்ட் ஓடும் சக்கரத்தை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 'தேவையென்றால் வாங்கவும்' என்று விலைப்பட்டியலின் அடியில் போட்டிருக்கிற, அமுக்கிய காற்றின் சூட்டை எடுக்க உதவும் கூலரை முதலில் வாங்குங்கள்.

என் வண்டி ஆடி எஸ்5 ஸ்போர்ட்பேக், 2015-ல் இந்தியாவுக்கு வந்த மாடல், செகண்ட் ஹேண்டில் எடுத்தது. 2995 சிசி வி6. கம்பெனிக் கணக்கில் 333 எச்பி, 440 நியூட்டன் மீட்டர் டார்க், நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 5.1 வினாடி. பலர் இதை டர்போ என்று நினைக்கிறார்கள். இல்லை. எஞ்சினின் இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கும் நடுவே ஈட்டன் கம்பெனியின் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் படுத்திருக்கிறது. முறுக்கிவிட்ட நாலு இதழோடு இரண்டு ரோட்டர்கள். எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டிலிருந்து பெல்ட் வழியாகச் சுற்றுகின்றன. வேகம் நிமிடத்துக்கு 23,000 சுற்று வரைக்கும் போகும், அழுத்தம் 0.8 பார் வரைக்கும். காற்றைக் குளிரவைக்கிற இரண்டு கூலர்களும் அந்த டப்பாவுக்குள்ளேயே இருக்கின்றன. அதற்குள் ஓடும் தண்ணீரைக் குளிரவைக்க வண்டியின் மூக்கில் தனியாக ஒரு சின்ன ரேடியேட்டர், அதற்கென்று ஒரு எலக்ட்ரிக் பம்ப்.

இந்த அமைப்பில் பவரைக் கூட்டுவது சுலபம். கிராங்க் புல்லியின் விட்டத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் ரோட்டர் வேகமும் பத்து சதவீதம் கூடும். அதே ஆர்பிஎம்மில் கூடுதல் காற்று உள்ளே போகும், அதற்கேற்ற பெட்ரோலை எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியுவில் ஏற்றும் புது ப்ரோக்ராம், அதாவது ஃபைல், பார்த்துக்கொள்ளும். எஞ்சினைப் பிரிக்க வேண்டாம், பிஸ்டனைத் தொட வேண்டாம். 'நட்டு போல்ட் வேலைதான் சார்' என்று கடைக்காரர்கள் சொல்வது பாதிக்கு மேல் உண்மை. மீதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: கிராங்க் புல்லியைக் கழற்ற பம்பரை எடுத்து, முன் பக்கம் முழுவதையும் ரேடியேட்டரோடு சேர்த்து முன்னால் இழுத்து வைக்க வேண்டும். ரோட்டோரத்தில் ஜாக்கி போட்டுச் செய்கிற வேலை இல்லை.

மண்டபத்தில் ஐஸ் பிளான்ட் வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸ் பாருக்கும் கேட்பாரில்லை. அந்த ஓய்வில்தான் வண்டியைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனேன். கடையின் பெயரைப் போடவில்லை, காரணம் பின்னால் வருகிறது. கிட்டில் இருந்தவை: பெரிய கிராங்க் புல்லி, அதற்கேற்ற நீள பெல்ட், எஞ்சின் ஃபைல், கியர்பாக்ஸ் ஃபைல், காற்றை வடிகட்டும் திறந்த கோன் ஃபில்டர். மூக்கில் அந்தச் சின்ன ரேடியேட்டருக்குப் பதில் மாட்டும் பெரிய கூலர் தனி ஆர்டர். அது சுங்கத்தில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தது. ஒரு விதத்தில் நல்லதாயிற்று, எது என்ன செய்கிறது என்று தனித்தனியாகப் பார்க்க முடிந்தது.

புல்லியும் ஃபைலும் மட்டும் மாட்டிய வண்டியை விடியற்காலையில் ஓட்டினால் உண்மையிலேயே வேறு வண்டிதான். 2500 ஆர்பிஎம்மிலேயே முதுகை சீட்டோடு சேர்த்து அழுத்துகிறது. 60-லிருந்து 100-க்குப் போவது கண்ணை மூடித் திறப்பதற்குள். சூப்பர்சார்ஜரின் ஊளை முன்பு காதைத் தீட்டிக் கேட்டால்தான் கேட்கும், இப்போது தெளிவாகவே கேட்கிறது. கடையில் நானூற்றுச் சொச்சம் எச்பி என்றார்கள். அதை நிரூபிக்கச் சீட்டு எதுவும் தரவில்லை, தரவும் முடியாது: இது நாலு வீலும் ஓடுகிற குவாட்ரோ, அவர்களிடம் இருந்த எச்பி அளக்கும் மிஷின் இரண்டு வீல் டைனோ. அந்த எண்ணை நான் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

பகல் பதினோரு மணிக்கு மேல்தான் கதை மாறுகிறது. ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி வழியாக மண்டபத்துக்கு வருகிற 87ஆம் எண் நெடுஞ்சாலையை நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் கருவேலம், எதிரே வரிசையாக ராமேஸ்வரம் போய்த் திரும்புகிற டூரிஸ்ட் பஸ். ஒரு பஸ்ஸை முந்தினால் வண்டி பறக்கிறது. அடுத்ததற்கும் பரவாயில்லை. மூன்றாவதை முந்தும்போது கால் அழுத்துகிற அளவுக்கு வண்டி போகவில்லை. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓபிடி ரீடரைச் செருகி போனில் பார்த்தேன். வெளியே 38 டிகிரி, எஞ்சினுக்குள் போகும் காற்று 75-ஐத் தாண்டி நிற்கிறது.

எந்த வாயுவை அமுக்கினாலும் சூடேறும், அந்தச் சூட்டை எடுத்தால்தான் மேற்கொண்டு வேலை நடக்கும். எங்கள் அமோனியா கம்ப்ரஸருக்கும் இதே விதிதான். இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் ரேஷியோவே, அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் அளவே, 10.3-க்கு 1. அதன் மேல் சூப்பர்சார்ஜர் அழுத்தம், அதன் மேல் சூடான காற்று என்றால் பெட்ரோல் தாறுமாறாகத் தானே வெடிக்கிற நாக்கிங் வரும். அது வராமல் இருக்க ஈசியு இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழுகிற நேரத்தை, பின்னுக்கு இழுத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய எச்பியை வண்டியே திருப்பி வாங்கிக்கொள்கிறது என்று அர்த்தம். எங்கள் ஆபரேட்டர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'கண்டென்சரு சரியில்லன்னா எத்தன எச்பி மோட்டார் போட்டாலும் ஐஸு கட்டாதுண்ணே' என்றார். டீலரும் சொல்லவில்லை, ட்யூனரும் சொல்லவில்லை.

கூலர் வந்ததும் அதே கடையில் மாட்டினேன். பழையதைவிட இரண்டு மடங்கு கனம், அலுமினியம், வெல்டிங் ஒழுங்காக இருந்தது, பிராக்கெட் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. ஆனால் வீட்டுக்கு வருகிற வழியில் ரீடரில் பழைய எண்ணேதான். போன் போட்டால், 'ரெண்டு நாள் ஓட்டுங்க சார், தானா செட் ஆயிரும்' என்றார்கள். தானாக எதுவும் செட் ஆகவில்லை. ஆபரேட்டர்தான் கை வைத்துப் பார்த்தார்: கூலருக்குப் போகிற ஹோஸ் சுடுகிறது, திரும்பி வருகிற ஹோஸ் பச்சைத் தண்ணீர் மாதிரி கிடக்கிறது. தண்ணீர் ஓடவே இல்லை, உள்ளே காற்று அடைத்து ஏர் லாக். இந்த வண்டியில் கூலன்ட்டை மேலிருந்து ஊற்றி மூடிவிட்டால் போதாது, வேக்குவம் போட்டுக் காற்றை இழுத்துவிட்டு நிரப்ப வேண்டும். அந்தக் கருவி கடையில் இருந்தும் போடாமல் அனுப்பியிருக்கிறார்கள். லட்சக்கணக்கில் பில் போட்டுவிட்டு ஒரு மணி நேர வேலையில் மிச்சம் பிடிப்பது எந்த ஊர் நியாயமோ. மதுரையில் ஜெர்மன் வண்டி பார்க்கிற மெக்கானிக் ஒருவர் அதைச் சரிசெய்துகொடுத்தார்.

அதற்குப் பிறகு வண்டி வண்டியாக இருக்கிறது. அதே ரோடு, அதே வெயில். பஸ்களை முந்தும்போது காற்றின் சூடு 55-ஐ ஒட்டி ஏறுகிறது, சும்மா ஓட்டும்போது ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிடுகிறது. மூன்றாவது பஸ்ஸுக்கும் முதல் பஸ்ஸுக்குக் கிடைத்த அதே இழுப்பு. பழைய புல்லியையே வைத்துக்கொண்டு கூலரும் ஸ்டேஜ் 1 ஃபைலும் மட்டும் போட்டிருந்தாலே நம் ஊர் மத்தியானத்துக்கு முக்கால்வாசி பலன் வந்திருக்கும் என்பது என் கணிப்பு. அதற்கும் மேலே வேண்டும் என்கிறவர் புல்லிக்குப் போகலாம்.

கோன் ஃபில்டருக்கு என்னிடம் மார்க் பூஜ்யம். சத்தம் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். அது உட்காருவது எஞ்சின் சூட்டில், இழுப்பது உப்புக் காற்றை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அரிச்சல்முனை ரோட்டில் மணல் எப்படிப் பறக்கும் என்று தெரிந்தவர் யாரும் திறந்த ஃபில்டர் வைக்க மாட்டார். அதைக் கழற்றிவிட்டு கம்பெனி டப்பாவையும் பேப்பர் ஃபில்டரையும் திரும்ப மாட்டினேன். ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

பெட்ரோல் விஷயத்தில் கறாராக இருங்கள். 95 ஆக்டேனுக்கு எழுதிய ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் விட்ட 100 ஆக்டேன் எக்ஸ்பி100-ஐ நம்பி மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு ஃபைல் எழுத முடியாது. கியர்பாக்ஸ் தாங்கும் டார்க் 550 நியூட்டன் மீட்டர். அதற்குள்ளே நிற்கிற ஃபைலா என்று கேளுங்கள், பதில் சொல்லத் தெரியாத கடையில் வண்டியை விடாதீர்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதை அனுமதிக்கவில்லை. 2019 திருத்தத்தின்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் இதைக் காரணம் காட்ட இடமிருக்கிறது.

பராமரிப்பில் ஒன்றே ஒன்று. கூலரின் அலுமினியத் துடுப்புகளில் உப்புப் படியும், வாரம் ஒரு முறை முன்னாலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும். போர் தண்ணீர் வேண்டாம், நம் பக்கத்து உவர்த் தண்ணீர் உப்போடு உப்பைச் சேர்க்கும். பிளான்ட்டில் ஆர்ஓ தண்ணீர் இருப்பதால் எனக்குக் கவலையில்லை, மற்றவர்கள் கேன் தண்ணீர்தான்.

எல்லாம் சேர்ந்து நாலு லட்சத்தை ஒட்டி ஆயிற்று. அதில் கூலரின் பங்கு கால்வாசிகூட இல்லை. கோன் ஃபில்டர் அட்டைப்பெட்டியோடு பிளான்ட் ஆபீசில் கிடக்கிறது. கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் யாராவது கேட்டால் பாதி விலைக்குத் தருவேன், நம் ஊர்க்காரர் கேட்டால் தரமாட்டேன்.