தமிழ் நூலுக்கு அமெரிக்கப் பதிப்புரிமை: பெர்ன் மட்டும் போதுமா, வாஷிங்டனில் பதிய வேண்டுமா?

சென்னையில் வெளியாகும் நூலுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை தானாகவே கிடைத்துவிடும். ஓர் உறுப்பு நாட்டின் படைப்புக்கு மற்ற உறுப்பு நாடுகளும் தானாகவே காப்பளிக்க வேண்டும் என்பது பெர்ன் உடன்படிக்கை. இந்தியா 1928 முதலே அதில் இருக்கிறது; அமெரிக்கா 1989 மார்ச் 1 அன்று வந்து சேர்ந்தது. விண்ணப்பமோ கட்டணமோ தேவையில்லை. காலக்கெடுவும் அங்கே கூடுதல்: இந்தியாவில் ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டு, இன்று எழுதப்படும் நூலுக்கு அமெரிக்காவில் 70.

அப்படியானால் எதற்கு அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்துக்குக் கட்டணம் கட்டிப் பதிய வேண்டும்? அமெரிக்க வாசகர்களை நம்பி விற்கும் நூல் என்றால் பதிந்துவிடுங்கள் என்பதே என் கட்சி. (டெல்லியில் 500 ரூபாய் கட்டிப் படிவம் 14இல் பதிந்திருக்கிறோமே என்பார்கள். அது இங்கத்திய வழக்குக்குச் சான்றாக உதவும். அமெரிக்கப் பதிவுக்கு ஈடாகாது.)

முதலில் பெர்னை மட்டும் நம்பும் வழி. பிடிஎஃப் திருட்டுக்கு இதுவே தாராளம். கோப்பைத் தாங்கி நிற்கும் தளத்துக்கு அமெரிக்காவின் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டமான டிஎம்சிஏ படி நீக்கல் அறிவிப்பு அனுப்பப் பதிவு எண் தேவையில்லை. எதிராளி மறுப்பு அறிவிப்பு கொடுத்தால், நீங்கள் வழக்குப் போட்டதைக் காட்டாவிட்டால் தளம் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் கோப்பைத் திரும்ப ஏற்றிவிடும். அங்கேயும் நமக்கு ஒரு சலுகை உண்டு. பதிந்தபின்தான் வழக்கு என்ற, அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 411ஆம் பிரிவு நிபந்தனை அமெரிக்கப் படைப்புகளுக்கு (முதலில் அமெரிக்காவில் வெளியானவை போன்றவை) மட்டுமே. வெளிநாட்டு நூல் நேரே ஃபெடரல் நீதிமன்றப் படி ஏறலாம்.

பலரும் இதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்து வரும் 412ஆம் பிரிவில் வெளிநாட்டு நூலுக்கு அந்தச் சலுகை இல்லை. திருட்டு தொடங்கும் முன்போ, நூல் வெளியான மூன்று மாதத்துக்குள்ளோ பதிந்திருந்தால்தான் சட்டம் வகுத்த இழப்பீடும் வக்கீல் செலவும் கேட்க முடியும். இங்கிலாந்துக் கால்பந்து பிரீமியர் லீக் யூடியூப் மீது தொடுத்த வழக்கில் 2009இல் நியூயார்க் நீதிமன்றம், பதியாத வெளிநாட்டுப் படைப்புகளுக்கும் இந்தத் தடை பொருந்தும் என்றது. நேரடி ஒளிபரப்புக்கு மட்டும் விலக்கு.

கணக்குப் போட்டால் வித்தியாசம் புரியும். 15 டாலர் நாவலை ஒருவர் திருட்டுத்தனமாக அச்சிட்டு 200 பிரதி விற்றார் என்று வையுங்கள். முழு வசூலும் 3,000 டாலர். பதியாத நூலுக்கு உங்கள் நட்டத்தையும் அவர் லாபத்தையும் நிரூபித்து, அதற்குள்தான் வாங்க வேண்டும். ஃபெடரல் நீதிமன்றத்தில் மனுக் கட்டணமே 405 டாலர். வக்கீல் கட்டணம் அந்த 3,000ஐ முதல் வாரத்திலேயே விழுங்கிவிடும். உரிய காலத்தில் பதிந்த நூல் என்றால் நட்டத்தை நிரூபிக்காமலே ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை, வேண்டுமென்றே செய்த திருட்டுக்கு 1,50,000 வரை நீதிமன்றம் தரலாம். வக்கீல் நோட்டீஸுக்கு மரியாதை வருவது இந்த எண்ணால்தான்.

ஃபெடரல் நீதிமன்றம் பெரிய இடம் என்றால் சிறு வழக்குகளுக்கென 2022 முதல் இயங்கும் பதிப்புரிமைக் கோரிக்கை வாரியம் இருக்கிறது. கட்டணம் மொத்தம் 100 டாலர், உச்ச வரம்பு 30,000. ஆனால் வெளிநாட்டு நூலானாலும் குறைந்தபட்சம் பதிவு விண்ணப்பமாவது போட்டிருக்க வேண்டும். எதிராளி 60 நாளுக்குள் விலகிக்கொள்ளலாம் என்பதால் இதை முழுதாக நம்ப முடியாது. அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர் மீது இந்த வாரியத்தில் வழக்கும் போட முடியாது.

பதிவின் பலனுக்கு அண்மை உதாரணம்: திருட்டுத் தளங்களிலிருந்து நூல்களை இறக்கிய வழக்கில் ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் 2025இல் 150 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்ட சமரசத்தில் நூலுக்குச் சுமார் 3,000 டாலர் என்று கணக்கு. பட்டியலில் இடம்பெற, நூல் வெளியான ஐந்தாண்டுக்குள் அமெரிக்காவில் பதிந்திருக்க வேண்டும். அதுவும் நிறுவனம் கோப்பை இறக்குவதற்கு முன்போ, வெளியான மூன்று மாதத்துக்குள்ளோ. பெர்னை மட்டும் நம்பிய வெளிநாட்டு எழுத்தாளர்கள் வெளியே நின்றார்கள்.

இனி பதியும் முறை. அலுவலகத் தளத்தில் கணக்குத் தொடங்கி, கார்டில் பணம் கட்டலாம். ஒரே ஆசிரியர், ஒரே படைப்பு, உரிமையும் அவரிடமே என்றால் 45 டாலர். உரிமை பதிப்பகத்துக்கு எழுதிக்கொடுக்கப்பட்டிருந்தால், அல்லது இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் 65. தலைப்பை ரோமன் எழுத்தில் கொடுக்க வேண்டும். கட்டணம் திரும்பாது.

கோட்டை விடுவது பிரதி அனுப்புவதில்தான். மின்னூலாக மட்டும் வெளியான நூலுக்குக் கோப்பை ஏற்றினால் போதும். அச்சில் வந்திருந்தால் புத்தகமே போய்ச் சேர வேண்டும்: இந்தியாவில் முதலில் வெளியானதற்கு ஒரு பிரதி, அமெரிக்காவில் வெளியானதற்கு இரண்டு. தளம் தரும் சீட்டை அச்சிட்டு அந்தப் புத்தகத்தோடு வைக்காவிட்டால் பார்சல் எந்த விண்ணப்பத்துடையது என்று தெரியாமல் தேங்கும். விண்ணப்பம், பணம், பிரதி மூன்றும் சேர்ந்த நாளே பதிவு நாள். மூன்றாம் மாதக் கடைசியில் விண்ணப்பித்துப் புத்தகத்தைச் சாதாரணத் தபாலில் போட்டால் கெடு தாண்டிவிடும்.

இதைத் தவிர்க்க எளிய வழி, அச்சுக்குப் போகும் முன்பே இறுதிக் கையெழுத்துப் பிரதியை 'வெளியாகாதது' என்று பதிந்து பிடிஎஃப்பை ஏற்றிவிடுவது. பின்னால் சேர்த்த அத்தியாயங்கள் அதில் அடங்கா. கிண்டிலில் ஏற்கெனவே விற்பனையில் இருப்பதை மட்டும் வெளியாகாதது என்று குறிக்காதீர்கள். பதிவின் செல்லுபடியையே எதிராளி கேள்வி கேட்க அது இடம் தரும்.

கிண்டிலால் இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லா நாட்டுக் கடைகளிலும் ஒரே நாளில் வெளியிட்டால் அது அமெரிக்கப் படைப்பாகிவிடுமா? இணையத்தில் ஏற்றுவது உலகெங்கும் ஒரே நேரத்தில் வெளியிடுவதாகுமா என்பதில் அமெரிக்க நீதிமன்றங்கள் ஒருமித்துப் பேசவில்லை. ஆகும் என்று ஒரு நீதிபதி சொன்னால், பதியாமல் வழக்குப் போடும் சலுகையும் போய்விடலாம். இந்தியாவில் முதலில் அச்சிட்டு, ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி விட்டு மின்னூலை விடுபவருக்கு இந்தத் தலைவலி இல்லை.

கெடு தாண்டிய பழைய நூலுக்கு? பதிவுக்குப் பின் புதிதாகத் திருடுபவர் மீது முழுப் பலன் உண்டு. ஏற்கெனவே திருடிக்கொண்டிருப்பவர் தொடர்ந்து செய்தால் அது பழைய திருட்டாகவே கணக்காகும். அமெரிக்காவில் ஐம்பது பிரதிகூடப் போகாத கவிதைத் தொகுப்புக்கு நானே பெர்ன் போதும் என்பேன்.

இணையத்தில் கட்டுரையாக எழுதிக் குவிப்பவர்களுக்குத் தனி விண்ணப்பம் உண்டு. 50 முதல் 17,500 சொல்வரை உள்ள, ஒரே ஆசிரியருடைய கட்டுரைகளை, அதிகபட்சம் 50 வரை, 65 டாலரில் சேர்த்துப் பதியலாம். எல்லாம் மூன்று மாதத்துக்குள் வெளியானவையாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனிக் கோப்பாக, தலைப்புப் பட்டியலோடு ஒரே ஜிப்பில் போக வேண்டும்.