பாஸ்ட் பர்ஃபெக்ட்: பன்னிரண்டு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஆங்கிலத்தில் ‘ஹேட்’ (had) சேர்த்துச் சொல்லும் இறந்த காலம்தான் பாஸ்ட் பர்ஃபெக்ட். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதைப் பயன்படுத்துகிறேன். முதல் நான்கு வருடம் தப்பாக, அடுத்த இரண்டு வருடம் பயந்து பயந்து, அதற்கப்புறம் ஓரளவு நிதானமாக. தமிழ் எழுத்தில் எழுதினால் இந்த ‘ஹேட்’டும் வெறுப்பைச் சொல்லும் ‘ஹேட்’டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ரொம்ப நாள் எனக்கும் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

பள்ளியில் கிடைத்தது ஒரு சூத்திரம்: ஹேட் போடு, பக்கத்தில் வி த்ரீ, அதாவது வினையின் மூன்றாவது வடிவம், போடு. இறந்த காலத்தில் இரண்டு செயல் நடந்தால் முதலில் நடந்ததற்கு ஹேட், பின்னால் நடந்ததற்கு சிம்பிள் பாஸ்ட். உதாரணத்துக்கு அந்த டாக்டரும் நோயாளியும். ‘த பேஷண்ட் ஹேட் டைட் பிஃபோர் த டாக்டர் கேம்.’ டாக்டர் வருவதற்குள் அந்த ஆள் எத்தனை வகுப்பறைகளில் செத்திருப்பார்! இப்போது யோசித்தால், சொல்லிக்கொடுக்க அதைவிட மோசமான வாக்கியம் கிடையாது. எது முன், எது பின் என்பதை ‘பிஃபோர்’ என்ற ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது. ஹேட்டை எடுத்துவிட்டு ‘த பேஷண்ட் டைட் பிஃபோர் த டாக்டர் கேம்’ என்றாலும் அர்த்தம் அப்படியே நிற்கும். ஹேட் இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று காட்டாத உதாரணத்தை வைத்துக்கொண்டு ஹேட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

கெட்டுப்போவதை நான் வேலையில்தான் பார்த்தேன். ஒருநாள் காலை டேட்டாபேஸ் விழுந்துவிட்டது. சர்வரை ரீஸ்டார்ட் பண்ணினோம், பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. வாடிக்கையாளருக்கு அறிக்கை எழுதும் வேலை என் தலையில். நான் எழுதியது: ‘வீ ஹேட் ரீஸ்டார்ட்டட் த சர்வர் வென் த டேட்டாபேஸ் கிராஷ்ட்.’

பதில் மெயிலில் ஒரே கேள்வி: சர்வரை ஏன் ரீஸ்டார்ட் செய்தீர்கள்? எங்களுக்குச் சிரிப்பு. விழுந்தால் வேறு என்ன செய்வார்கள்? அப்படியே பதில் போட்டோம். யார் அனுமதி கொடுத்தது என்று அடுத்த மெயில். மூன்றாவது மெயிலில் எங்கள் மேலாளரையும் சேர்த்துவிட்டார்கள். கடைசியில் போனில் பேசும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நான் எழுதிய வாக்கியப்படி, டேட்டாபேஸ் விழுந்தபோது நாங்கள் ஏற்கெனவே சர்வரை ரீஸ்டார்ட் செய்து முடித்திருக்கிறோம். அதாவது நாங்கள் கை வைத்தோம், அதனால்தான் அது விழுந்தது! ‘வீ ரீஸ்டார்ட்டட் த சர்வர் வென் த டேட்டாபேஸ் கிராஷ்ட்’ என்று எழுதியிருந்தால் விழுந்தது முதலில், ரீஸ்டார்ட் பிறகு. ஒரே ஒரு ஹேட், காப்பாற்றியவனைக் குற்றவாளி ஆக்கிவிட்டது.

அந்த ஹேட்டை நான் ஏன் போட்டேன் என்று ரொம்ப நாள் குடைந்துகொண்டிருந்தேன். கொஞ்சம் அலுவல் தோரணைக்காக என்பது உண்மை. ‘ஐ சென்ட்’ என்பதைவிட ‘ஐ ஹேட் சென்ட்’ மரியாதையாக இருப்பதுபோல ஒரு மயக்கம். ஆனால் பெரிய காரணம் தமிழ். ‘நேத்து ரீஸ்டார்ட் பண்ணியிருந்தோம்’, ‘போன வாரம் வந்திருந்தார்’ என்று நாம் பேசுகிறோம். அந்த ‘இருந்தோம்’ அப்படியே ஹேட்டாக இறங்கிவிடுகிறது. தமிழில் ‘வந்திருந்தார்’ என்றால் வந்தார், இருந்தார், போய்விட்டார், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அதற்கு ‘கேம்’ போதும்.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்துக்கு ஹேட் தேவைப்படும் இடத்தில் தமிழில் ‘இருந்தது’ பெரும்பாலும் வருவதில்லை. ‘நான் போறதுக்குள்ள ட்ரெயின் போயிடுச்சு.’ இதுதான் அசல் பாஸ்ட் பர்ஃபெக்ட்: ‘பை த டைம் ஐ காட் தேர், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்.’ ஆக ‘போயிருந்தேன்’ என்று வாயில் வந்தால் பல நேரம் ‘வென்ட்’, ‘போயிடுச்சு’ என்று வந்தால் பல நேரம் ‘ஹேட் கான்’. தலைகீழாகப் படித்துவிட்டோம். நமக்குள் எழுதிக்கொள்ளும்போது இது யாரையும் தொந்தரவு செய்வதில்லை, இந்திய ஆங்கிலத்தில் ஊறிப்போன வழக்கம். வெளியே போகும்போதுதான் இடிக்கிறது. நான் வைத்திருந்த பிழைதிருத்தும் மென்பொருள் இதற்கு ஒருநாளும் கோடு போட்டதில்லை. தனியாகப் பார்த்தால் வாக்கியத்தில் தப்பில்லையே.

தெளிவு வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. ஹான்ஸ் ரைஷன்பாக் என்ற தத்துவ அறிஞர் 1947-இல் வினைக்காலங்களை மூன்று புள்ளிகளாகப் பிரித்துக் காட்டினார்: பேசும் நேரம், செயல் நடந்த நேரம், நாம் எங்கே நின்று பார்க்கிறோமோ அந்த நேரம். சிம்பிள் பாஸ்டில் செயலும் பார்வையும் ஒரே இடத்தில். பாஸ்ட் பர்ஃபெக்டில் பார்வை இறந்த காலத்தில் ஓரிடத்தில் நிற்கிறது, செயல் அதற்கும் முன்பே நடந்து முடிந்து கிடக்கிறது. அந்த நடுப்புள்ளி இல்லாமல் ஹேட் போட்டால் கேட்பவர் அதைத் தேடிக்கொண்டே இருப்பார். அதிலிருந்து ஹேட் எழுத வந்தால் என்னையே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ‘எதுக்கு முன்னாடி?’ பதில் இருந்தால் வைக்கிறேன், இல்லாவிட்டால் அழிக்கிறேன். பழைய மெயில்களை எடுத்து இப்படி உரசிப் பார்த்தேன். பத்து ஹேட்டில் ஒன்று தேறினால் அதிகம்.

தமிழ் எப்போதும் காலை வாரிவிடுவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். ‘தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன்’ என்பதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் ‘இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்.’ கச்சிதம். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலர் ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பலரையும் மிரட்டும் ‘ஹேட் ஹேட்’கூட நமக்குப் பழக்கமானதுதான். ‘இஃப் ஐ ஹேட் ஹேட் டைம்’ என்றால் ‘நேரம் இருந்திருந்தா’. அங்கே இரண்டு ஹேட், இங்கே இரண்டு இரு. ஆங்கிலத்தில் பதினோரு ஹேட்டை வரிசையாக அடுக்கும் வார்த்தைப் புதிர் ஒன்று உண்டு. அது விளையாட்டுக்குச் சரி, வேலைக்கு இரண்டு போதும்.

இன்னொரு குணம் தாமதமாகத்தான் பிடிபட்டது. ‘ஐ ஹேட் பிளான்ட் டு ஃபினிஷ் இட் ஆன் ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமை முடிக்கவில்லை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். முடித்த வேலைக்கே இப்படி எழுதி, ‘பரவாயில்லை, எப்போது முடியும்?’ என்று ஆறுதல் வாங்கியிருக்கிறேன். ஹோப், இன்டென்ட் கூட இப்படித்தான், ஹேட் சேர்ந்தால் ஒரு ‘ஆனால்’ ஒளிந்திருக்கும்.

நீளமாக எழுதுகிறவர்களுக்கு ஒன்று. பழைய கதைக்குள் போகும்போது ஒவ்வொரு வினையிலும் ஹேட் தேவையில்லை. நுழையும்போது ஒன்றிரண்டு போட்டுவிட்டு சிம்பிள் பாஸ்டுக்கு மாறிவிடலாம், படிப்பவர் கூடவே வருவார். பக்கம் முழுக்க ஹேட் இருந்தால் நடுத்தொண்டையில் முள் சிக்கினதுபோல இருக்கும்.

குறை என்று சொன்னால் அந்தச் சுருக்கம்தான். ‘ஐ’ட்’ (I’d) என்று வந்தால் அது ஹேட்டா, வுட்டா? அடுத்த சொல் கான் என்றால் ஹேட், கோ என்றால் வுட். கம், புட் மாதிரி வி த்ரீயிலும் வடிவம் மாறாத வினை வந்தால் முழு வாக்கியத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். காதில் கேட்டால் இன்னும் சிரமம், அந்த ‘ட்’ பாதி நேரம் விழுவதே இல்லை.

எழுத்தில் இப்போது பெரிதாகத் தடுமாற்றம் இல்லை. போன மாதம் எழுதிய இரண்டு பக்க அறிக்கையில் மொத்தமே ஒரு ஹேட். பேச்சு வேறு கதை. இந்த வாரம்தான் போனில் ஒருவரிடம் ‘ஐ ஹேட் கால்ட் யூ எஸ்டர்டே’ என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று ‘ஹலோ, ஹலோ’ என்றேன். ‘லைனில்தான் இருக்கிறேன், சொல்லுங்கள்’ என்றார். மீதி வாக்கியத்துக்குக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.