வீதிப் பாதுகாப்பு வேலை: திட்டக் காசா, சபைக் குழுவா, சபை உத்தியோகத்தரா?

இலங்கையின் வடக்கே, வன்னியில் வீதிப் பாதுகாப்பு வேலையைத் தொடங்கி வைக்க நிறையப் பேர் வருவார்கள். இரண்டாம் வருடம் கொண்டிழுக்கத்தான் ஆளிருக்காது.

தொண்டு நிறுவனத் திட்டம் வேகமானது, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு மாதத்துக்குள் பள்ளிக்கூட வாசலில் பாதசாரிக் கடவை, கருத்தரங்கு, மத்தியானச் சாப்பாடு எல்லாம் வந்துவிடும். எங்கள் பக்கத்திலும் வந்தது. பிறகு கோடு அழிந்தபோது திரும்பப் பூச யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை, போட்டவர்கள் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிரதேச சபைக்குள், அதாவது எங்கள் உள்ளூராட்சி மன்றத்துக்குள், ஒரு குழு வைத்தால்? உறுப்பினர்களோடு ஊரவரையும் சேர்க்கலாம், 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டமே அதற்கு இடம் தருகிறது. எந்த வளைவில் இரவில் மாடு படுத்திருக்கும், எந்த ஒழுங்கையால் லைட் இல்லாத உழவு இயந்திரம் நெல் மூட்டையோடு வந்து ஏறும் என்பதெல்லாம் சனசமூக நிலையத்துப் பெடியளுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த அதிகாரிக்கும் தெரியாது. ஆனால் 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது, அடுத்த தேர்தல் 2025 மேயில்தான் நடந்தது. உறுப்பினரே இல்லாத அந்த இரண்டு வருடமும் குழு எங்கே கூடுவது?

அந்த இடைவெளியிலும் சபை பூட்டிக் கிடக்கவில்லை. செயலாளர் இருந்தார், குப்பை வண்டி ஓடியது, ஏனென்றால் அதற்குப் பாதீட்டில் காசும் சம்பளத்துக்கு ஆளும் இருந்தது. அதனால்தான் என் தெரிவு மூன்றாவது: வீதிப் பாதுகாப்பை ஒரு உத்தியோகத்தரின் கடமைப் பட்டியலில் எழுதி, பாதீட்டில் தனித் தலைப்புப் போடுவது. இடமாற்றம் வரும், கடதாசி வேலை கூடும், ஊரவரின் சூடு அவரிடம் இருக்காது, சரி. என்றாலும் எழுதிய கடிதங்கள் அடங்கிய கோவை (ஃபைல்) மிஞ்சும். அது இங்கே சின்ன விஷயமில்லை. ஏ9 நெடுஞ்சாலை மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில், பரந்தன்–முல்லைத்தீவு வீதியும் அப்படியே, பிரதேச சபைக்கு உள்வீதிகள்தான். கிளிநொச்சி டவுனில் ஒரு கடவை வேண்டுமென்றால் அந்தப் பகுதிக்குரிய கரைச்சிப் பிரதேச சபை தானாகக் கோடு போட முடியாது, கடிதம் எழுத வேண்டும், பதில் வராவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே கோவையை எடுத்துத் திரும்பவும் எழுத ஒருவர் இருக்க வேண்டும்.

குழுவைக் கைவிடச் சொல்லவில்லை, உறுப்பினர்கள் இருக்கும்போது அது அந்த உத்தியோகத்தரை உலுப்பட்டும். திட்டக் காசு வந்தால் பலகை, லைட் மாதிரி ஒருமுறை வாங்கும் சாமானுக்கு விடலாம். வருடாவருடம் பெயின்டுக்கு? கட்டாக்காலி மாடு பிடித்து அறவிடும் தண்டம் சபைக்குத்தானே வருகிறது, முதலில் அதைக் கேளுங்கள்.